கண்ணுக்குப் பூசிய பச்சைக் கொழுந்து

இலங்கையில் பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள் நான். தங்கையின் கல்யாணத்துக்குள் கண்ணுக்குக் கீழே விழுந்த சுருக்கம் போகவேண்டும் என்று ஆசை. பச்சைத் தேயிலையை அரைத்து, தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசினால் இளமை திரும்பும் என்று போனில் ஒரு வீடியோ பார்த்தேன். எனக்கா தேயிலைக்குப் பஞ்சம்? அன்று பறித்ததில் ஒரு பிடியை மடியில் கட்டி வந்து, கழுவாமலேயே அரைத்துப் பூசினேன்.

விடிந்தபோது இரண்டு கண்ணும் வீங்கி, திறக்கவே முடியவில்லை. பதுளை ஆஸ்பத்திரியில் கண்ணைக் கழுவிய டாக்டர், "நல்ல காலம், பார்வை தப்பிச்சது" என்றார்.

திரும்பி வந்ததும், எங்கள் வேலையை மேற்பார்க்கும் கங்காணி என்னைத்தான் ஏசினார். "நீ பறிச்ச மலைக்கு மொத நாள்தான் பூச்சி மருந்தடிச்சது. அதப்போயி யாராச்சும் மூஞ்சில பூசுவாங்களா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப எங்கள ஏன் வெறுங்கையோட அங்க பறிக்க விட்டீங்க?"

முகத்தில் பூசக்கூடாதாம், நாள் முழுக்கக் கையால் பறிக்கலாமாம்!

கழுவாமல் அரைத்தது என் முட்டாள்தனம்தான். முகப்பூச்சு ஆசையை அன்றோடு விட்டேன். இப்போதெல்லாம் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வேலை பிரிக்கும்போதே, எந்த மலைக்கு எப்போது மருந்தடித்தது என்று எல்லார் முன்னாலும் கேட்கிறேன். பதில் வரும்வரை கூடையை மாட்டுவதில்லை. என் பக்கத்தில் நிற்கும் பெண்களும் இப்போது மாட்டுவதில்லை.