பிரேக் கம்பியில் ஒரு மஞ்சள் முடிச்சு

சாமி குத்தம் என்பார்களோ என்று இதை எழுதப் பல வருடம் தயங்கினேன்.

சுனாமிக்கு மறுவருடம், மகளை அவள் கல்யாணத்துக்காகக் கடலூரிலிருந்து சிதம்பரம் மண்டபத்துக்கு எங்கள் பழங்காலக் காரில் அழைத்துப்போகக் கிளம்பினோம். பிரேக்கை மிதித்ததும் வண்டி வலப்பக்கம் இழுத்தது. அடியில் படுத்துப் பார்த்தேன். இடது சக்கரத்தின் பிரேக் கம்பியில் மஞ்சள் துணி முடிச்சு ஒன்று, கம்பியை நகரவிடாமல் தடுத்தது.

“நான்தான் கட்டுனேன். கல்யாணம் முடியாம வேண்டுதல் முடிச்ச அவுக்கக் கூடாது மாமா!” என்றாள் மனைவி.

“சாமிய விட நீ பெரிய மெக்கானிக்கா மச்சான்?” என்றான் அவள் அண்ணன்.

“எதிர்ல வர்ற லாரியில எம்பொண்ண மோத உடச் சொல்றியா?” என்றேன்.

கும்பிட்டேன், அவிழ்த்தேன். மிதித்ததும் வண்டி நேராக நின்றது. அதே துணியை என் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு மகளை மண்டபத்தில் இறக்கினேன்.

இன்று நடந்தாலும் அவிழ்ப்பேன். இதைப் பிறருக்குச் சொல்பவர்கள் மாற்றாமல் சொல்லுங்கள்: கும்பிட்டுத்தான் அவிழ்த்தேன்.