அப்பாவுக்குத் தெரிந்த நான்கு சொற்கள்

கொல்கத்தாவில் பன்னிரண்டு வருடம் வாழ்ந்தும் என் அப்பா கற்றுக்கொண்ட வங்காளம் மொத்தம் நான்கே சொற்கள். எதிரில் வருகிற எந்த ஆணையும் கூப்பிட ‘தாதா’. விலை கேட்க ‘கொத்தோ’. தண்ணீருக்கு ‘ஜோல்’. நான்காவது சொல்லான ‘நேய்’ அவருக்கு வந்து சேர்ந்தது தனிக்கதை. பாளையங்கோட்டையிலிருந்து வந்த முதல் வாரத்தில் டாலிகஞ்ச் சந்தையில் ஒரு கடைக்காரரிடம் கறிவேப்பிலை கேட்டிருக்கிறார். கடைக்காரர் ‘நேய்’ என்றார். “நெய் வேண்டாம் தாதா, கறிவேப்பிலை” என்று அப்பா தமிழிலேயே விளக்க, அவர் மறுபடியும் ‘நேய்’ என்றார். நெய்யும் கறிவேப்பிலையுமாக நாலைந்து முறை நடந்தபின், பக்கத்தில் நின்ற ஒருவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டி, ‘இல்லை’ என்பதைத்தான் அவர் அப்படிச் சொல்கிறார் என்று புரியவைத்தாராம். வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்துக்கும் அப்பா இதை நடித்துக் காட்டுவார். நூறாவது தடவையும் முதலில் சிரிப்பவர் அவராகத்தான் இருப்பார்.

எனக்கு நிலைமை தலைகீழ். மூன்று வயதில் வந்தவள். தெருமுனையிலிருந்த வங்காளப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். தமிழை அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் எழுத்துக் கூட்டிச் சொல்லித்தந்தாள். வங்காளிகள் ‘ச’வை ‘ஷ’ ஆக்கி, வாயைக் குவித்து எல்லாச் சொல்லையும் உருட்டிவிடுவார்கள், உருட்டியதை நிமிர்த்தினால் தமிழ் வந்துவிடும் என்பது பத்து வயதில் நானே கண்டுபிடித்த இலக்கணம். பாதிச் சொற்களுக்கு அது பொருந்தவும் செய்தது. எங்கள் கணக்கு நோட்டில் ஒவ்வொரு விடைக்கும் மேலே ‘ஷொமாதான்’ என்று எழுதிக் கோடு போடவேண்டும். விடை, தீர்வு என்று அர்த்தம். நிமிர்த்தினால் சமாதானம்.

அந்த வருடம் புத்தாண்டு ஆராதனையில், தட்டில் கவிழ்த்து வைத்திருந்த வாக்குத்தத்த அட்டைகளில் எங்கள் வீட்டுக்கானதை எடுத்தது நான். எடுக்கிற வசனம்தான் அந்த வருடம் முழுக்க வீட்டுக்கு ஆண்டவர் கொடுக்கிற வாக்கு. பொடி எழுத்தில் ஒரு வசனமும், அதற்கு மேலே கொட்டை எழுத்தில் ‘சமாதானம்’ என்றும் இருந்தது. அம்மா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்கும் மகிழ்ச்சிதான். இந்த வருடம் கணக்கெல்லாம் சரியாக வரும் என்று ஆண்டவரே எழுதிக் கொடுத்துவிட்டார் அல்லவா? அட்டை எங்கள் அலமாரிக் கதவில் ஏறியது.

அப்பா நியூ டவுனில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் சூப்பர்வைசர். ஜூலை மாதம், இரண்டு நாள் பெய்த மழை விட்ட ஒரு காலையில், ஒன்பதாம் மாடிக்கு வெளியே மூங்கில் சாரத்தில் ஒரு பலகை தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்ற ஒரு தொழிலாளியை ஏறச் சொன்னார். ஈரமாக இருக்கிறதே என்று அவர் தயங்கினாராம். பத்து நிமிட வேலைதானே, ஏறிவிட்டு வா என்றிருக்கிறார் அப்பா. அவர் ஏறினார். மூங்கிலில் கால் வழுக்கி விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகுமுன் உயிர் போய்விட்டது.

கம்பெனி விசாரணை நடத்தியது. மேற்பார்வையாளர் மீது தவறில்லை என்று அழகாகத் தட்டச்சு செய்து கடிதம் கொடுத்தார்கள். அம்மா கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னாள். அப்பா அதைப் படித்துவிட்டு மடித்து, அலமாரியில் அந்த அட்டைக்குப் பின்னால் செருகினார். அத்தோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

பேச்சோடு சாப்பாடும் நின்றது. வேலைக்குப் போவார், வருவார், கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிடுவார். தட்டில் சோறு காய்ந்து போகும். “நீங்க பட்டினி கெடந்தா அந்த மனுசன் எந்திச்சு வந்திருவாரா?” என்று அம்மா ஒருநாள் கத்தினாள். அப்பா நிதானமாக, “வரமாட்டாரு” என்றார். அன்று முழுவதும் அவர் பேசியது அது ஒன்றுதான்.

குடும்ப ஜெபத்துக்கு நாங்கள் முழங்கால்படியிடும்போது வெளியே போய்ச் செருப்பு வைக்கிற இடத்தில் நின்றுகொள்வார். ஞாயிறு பிற்பகல் தமிழ் ஆராதனைக்கு அம்மாவின் தொந்தரவுக்காக வருவார். ஆனால் அப்பமும் ரசமும் வாங்கத் திருவிருந்துக்கு எல்லோரும் வரிசையில் போகும்போது, அவர் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். எல்லோரும் அவரைத் தாண்டிப் போனார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. போதகர் இரண்டு முறை வீட்டுக்கு வந்து ஜெபித்தார். மழை விடட்டும் என்று கடை வாசலில் ஒதுங்கி நிற்பவர் மாதிரி அப்பா தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

ஆகஸ்டு கடைசியில் தெருவில் துர்கா பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டத் தொடங்கினார்கள். வெறுங்காலோடு, இடுப்பில் கயிறுகூட இல்லாமல் ஆட்கள் சரசரவென்று ஏறுவார்கள். அதைப் பார்க்க முடியாமல் அப்பா சுற்றுவழியில், சாக்கடைச் சந்து வழியாக பஸ்ஸுக்குப் போனார். அம்மா மொட்டைமாடிக் கதவைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். செப்டம்பரில் விஸ்வகர்மா பூஜைக்குக் கொல்கத்தா முழுக்க மாடிகளில் பட்டம் விடுவார்கள். என் கையில் பட்டம் இருந்தது, நூல் இருந்தது, மாடி பூட்டியிருந்தது. அழுது புரண்டேன். சாவி தொலைந்துவிட்டது என்றாள் அம்மா, அது அவள் இடுப்பிலேயே தொங்கிக்கொண்டிருக்கும்போது. அம்மாவும் பொய் சொல்வாள் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஏன் சொன்னாள் என்று அப்போது தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலை அப்பா சட்டை போட்டுக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். இறந்துபோனவரின் வீட்டுக்குப் போகவேண்டும், நான் பேசிக் கொடுக்கவேண்டும் என்றார். கட்டடத்தில் அவர் பேசுகிற இந்தி ஏற்று, இறக்கு, நிறுத்து என்பதற்கு மேல் போகாது. மன்னிப்புக் கேட்க அந்த இந்தி போதவில்லை. அம்மா வாசலில் என் தலையை இழுத்துச் சீவிக்கொண்டே காதோடு, “அப்பா கைய விடாத ஏட்டி. ரோட்டுல, ஸ்டேசன்ல, எங்கயும் விடாத” என்றாள். நான் தொலைந்துபோவேன் என்று பயப்படுகிறாள் என நினைத்தேன்.

யாதவ்பூரில் லோக்கல் ரயில் ஏறி பாருய்ப்பூரில் இறங்கினோம். கொய்யாத் தோப்புகளுக்கு நடுவே விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தோம். தகரக் கூரை வீடு. வாசலில் ஒரு பெண் கூடைக்குக் கொய்யாப்பழம் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். அம்மாவைவிடச் சின்னவள். அவள்தான் இறந்தவரின் மனைவி. நாங்கள் யார் என்று சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போனாள். விரட்ட எதையாவது எடுத்துவரப் போகிறாள் என்று நான் அப்பாவின் கையை இறுக்கிக்கொண்டேன். ஒரு சொம்புத் தண்ணீரும் சின்னத் தட்டில் நாலு பாத்தாஷாவும் கொண்டுவந்து வைத்தாள். சர்க்கரைப் பாகை வில்லையாக ஊற்றிக் காயவைப்பது அது. படி ஏறி வந்தவருக்கு வெறும் தண்ணீர் கொடுக்கக்கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். யார் வந்தாலும்.

அப்பா ஒரு வில்லையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, “அவர ஏறச் சொன்னது நான்தான்னு சொல்லு பிள்ள” என்றார்.

சொன்னேன். வங்காளத்தில் அதை எவ்வளவு சுத்தமாகச் சொன்னேன் என்பது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

“ஈரம்னு அவர் சொன்னாரு. நான் கேக்கல. அதையும் சொல்லு.”

அதையும் சொன்னேன். அவள் ஒரு கொய்யாவைக் கையில் எடுத்து, புடைவையில் துடைத்து, திரும்பவும் கூடையில் வைத்தாள். கோபமாகப் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மார்க்கெட்டில் காய் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

“ஏர் கோனோ ஷொமாதான் நேய். பொகோபானேர் காச்சேயோ நேய்.”

இதற்குத் தீர்வு கிடையாது, பகவானிடமும் கிடையாது என்றாள்.

“என்ன சொல்லுதாங்க?” என்றார் அப்பா.

ஆண்டவரால் ஆகாதது உண்டு என்று சொல்வது பாவம் என்று ஞாயிறு வகுப்பில் படித்திருந்தேன். அதோடு, சமாதானம் தருகிறேன் என்று அவர் எழுதிக் கொடுத்த அட்டை எங்கள் வீட்டு அலமாரியில் மாட்டியிருக்கிறது. இந்த அம்மாள் இல்லை என்கிறாள். யாரோ தப்பாகப் போட்ட கணக்கைத் திருத்துவது மாதிரி, நான் அதைத் திருத்தினேன்.

“சமாதானம் ஆண்டவர்கிட்ட இருக்குன்னு சொல்லுதாங்கப்பா.”

அப்பா அவளைப் பார்த்தார். அவள் பழம் பிரிக்கத் தொடங்கியிருந்தாள். பிறகு என் முகத்தையே ரொம்ப நேரம் பார்த்தார். பொய் வெளுத்துவிட்டது என்று நினைத்தேன்.

“நீ சொல்லுதேல்லா பிள்ள,” என்றார். “சரி.”

பாத்தாஷாவை வாயில் போட்டுக்கொண்டார். போட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்து, நான் அதுவரை பார்த்திராத மாதிரி அழுதார். அந்தப் பெண் தலை நிமிரவில்லை. அவள் கை மட்டும் நின்றுவிட்டது. நான் கையை விடாமல் பக்கத்தில் நின்றேன்.

மறுநாள் திருவிருந்துக்கு வரிசை நகர்ந்தபோது அப்பா எழுந்தார். முழங்கால்படியிட்டு, இரண்டு கைகளையும் ஏந்தி அப்பத்தை வாங்கினார். அம்மா பெஞ்சிலேயே விம்மினாள். அன்று மாலை வீட்டு ஜெபத்தில், “ஆண்டவரே, நான்தான் ஏறச் சொன்னேன். இனிமே நீர்தான்” என்று மட்டும் சொல்லிவிட்டு ஆமென் என்றார். பெரிய மாற்றம் ஒன்றும் வந்துவிடவில்லை. அதற்குப் பிறகும் பல நாள் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போவார். பந்தல் மூங்கிலைப் பார்த்தால் முகம் வெளுக்கும். ஆனால் போதகர் சொல்லியும் முழங்கால் போடாதவர், யாரும் சொல்லாமல் தினமும் போட்டார். காளி பூஜை முடிந்து ஒருநாள் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, சாவியைப் பழைய ஆணியில் மாட்டினாள். பட்டம் விடுகிற காலம் அதற்குள் போய்விட்டிருந்தது.

நான்தான் மாட்டிக்கொண்டேன். அப்பாவின் விசுவாசம் முழுக்க என் பொய்யின் மேல் நிற்கிறது, யாராவது உண்மையைச் சொன்னால் சரிந்துவிடும் என்று பயந்தே வளர்ந்தேன். ஷொமாதானுக்காகவும் காத்திருந்தேன். அது வரவே இல்லை. பதினாலாம் வயதில், சபையில் முழு உறுப்பினராவதற்கான திடப்படுத்தல் வகுப்பில் சமாதானம் என்றால் மன அமைதி, அது விடையோ தீர்வோ இல்லை என்று சொல்லித்தந்தபோது, அப்பாவுக்கு நான் எதை மாற்றிக் கொடுத்திருக்கிறேன் என்பது புரிந்தது. அந்தப் பெண் அமைதியைப் பற்றிப் பேசவே இல்லை. பயம் இரண்டு மடங்காயிற்று.

இப்போது நான் நியூ டவுனில் ஒரு ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அப்பாவும் அம்மாவும் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். போன கிறிஸ்துமஸுக்கு என்னோடு ஒரு தோழியைப் பாளையங்கோட்டைக்கு அழைத்துப்போனேன். சாப்பிட்டு முடித்ததும் அப்பா, எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு, அவளுக்குக் கறிவேப்பிலைக் கதையைத் தொடங்கினார். கடைக்காரராகவும் தானாகவும் மாறி மாறி நடித்தார். கடைசியில் கையை விரித்து, “நேய்னா இல்லைன்னு அர்த்தம்மா. கல்கத்தா எனக்குச் சொல்லிக்குடுத்த முதல் பாடம்” என்றார். தோழி சிரித்தாள். நான் கையிலிருந்த தட்டோடு நின்றுவிட்டேன்.

சமாதானமும் பகவானும் எவ்வளவு உருட்டினாலும் தமிழ்க் காதுக்குத் தப்பாத சொற்கள். அவள் சொன்னதில் மூன்றாவதான ‘நேய்’ அவர் சந்தையில் கற்ற சொல். அந்தக் கொய்யாக் கூடைக்கு முன்னால் அதை அவள் இரண்டு தடவை சொன்னாள். சமாதானம் இல்லை, பகவானிடமும் இல்லை. அவர் அதைக் கேட்டுவிட்டுத்தான் என்னைக் கேட்டார். பத்து வயதுப் பிள்ளை பொய் சொல்கிறது என்று தெரிந்துதான், அதன் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

அவர் என்னை நம்பிவிட்டார் என்று அன்று நினைத்தேன். இல்லை என்று காதில் கேட்ட பிறகும் ஒரு மனிதர் நம்பத் துணியலாம் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. தீர்வே இல்லை என்ற அந்த வாக்கியத்தை, அப்பாவுக்கு நான் திருத்தியதுபோல், திருத்திச் சொல்ல அந்தப் பெண்ணின் பக்கத்தில் ஒருவரும் இல்லை என்பதும் எனக்கு அப்போது தெரியவில்லை.