கையில் சீனி, கோப்பையில் சாக்லேட்

போன வாரம் அப்புத்தளையிலிருந்து என் தங்கை சரசு போன் பண்ணினாள். "அண்ணே, நாளைக்கு வர்றப்ப பதுளையில ஒரு கட்டி சாக்லேட் வாங்கிட்டு வாங்க. நல்ல கறுப்பா."

எதற்கு என்று கேட்கிறீர்களா? சரசு வீட்டின் முன்னறைகளுக்கு வெள்ளையடித்து, 'ரூம் உண்டு' என்று போர்டு மாட்டியிருக்கிறாள். முதல் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள் - யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் குடியிருக்கும் ஒரு தம்பதி. அந்த அம்மாவுக்கு ஹாட் சாக்லேட் வேண்டுமாம். கெட்டியாக.

ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும் என்று சொல்லித்தான் அவர்களை வரவழைத்திருந்தாள். வந்த நாளிலிருந்து ஜன்னலைத் திறந்தால்... மூடுபனிதான் உள்ளே வருகிறது.

போர்டு மாட்டிய அன்றே பக்கத்து வீட்டில் கேட்டார்கள். "பனியைப் பாக்க யாருடி பஸ் ஏறி வருவா?"

நான் போய்ச் சேர்ந்தபோது ஹாலில் பெட்டி கட்டி வைத்திருந்தது.

"குடிச்சிட்டு எல்ல டவுனுக்குக் கெளம்புறாங்களாம்ணே, அங்கயாவது மலை தெரியுமாம்" என்றாள் சரசு.

"மலை தெரியலைன்னா நீ என்ன பண்ணுவே?"

"தெரியும்னு நான்தானே சொன்னேன்!"

சாக்லேட்டைச் சீவ உட்கார்ந்தேன்.

பால்மாவை வழக்கத்தைவிடக் கெட்டியாகக் கரைத்து அடுப்பில் வைத்தாள். தீயைக் குறைத்து, சீவலைத் தூவித் தூவிக் கிளறினோம். கடைசியில், பச்சைத் தண்ணீரில் கரைத்த சோளமா ஒரு கரண்டி. கொதி வந்ததும் இறக்கிவிட வேண்டியதுதான். சரசு இன்னொரு கரண்டியும் ஊற்றினாள். அவர்களை நிறுத்துகிற வேகத்தில் ஊற்றினாளோ என்னவோ - கரண்டி அதில் நட்டுக்குத்தாக நின்றது.

நக்கிப் பார்த்தேன். கசப்பு. 'இது கேக் போடுறவங்க வாங்குறது, சீனி இல்லாதது' என்று கடைக்கார நானா சொன்னது அப்போதுதான் மண்டையில் ஏறியது.

"சரசு, சீனி போடலையா?"

"கறுப்பா இருந்தா சீனி கையிலதானேண்ணே?"

எங்கள் வீடுகளில் பால் விடாத தேத்தண்ணிக்குச் சீனியைக் கலக்குவதில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒரு நக்கு, ஒரு மடக்கு. பால் விட்டும் கறுப்பாகவே இருப்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? சரசு யோசிக்கவே இல்லை. கோப்பைகளை ஹாலுக்குக் கொண்டுபோய், சீனி டப்பாவோடு அந்த அம்மாவின் கணவர் முன்னால் நின்றாள்.

"கைய நீட்டுங்கய்யா."

ஐயா இடது கையைக் கீழே கொடுத்து வலது கையைப் பக்தியோடு நீட்டினார். சீனி விழுந்தது. கண்ணை மூடி, மொத்தத்தையும் வாயில் போட்டு, கையைத் தலையில் துடைத்துக்கொண்டார். கோயில் தீர்த்தம் வாங்கிய பழக்கம்!

பிறகு கோப்பையைச் சாய்த்தார். ஒன்றும் வரவில்லை. இன்னும் சாய்த்தார். வந்தது... மொத்தமாக.

"இஞ்சேருங்கோ, தலையிலை சீனி, மீசையிலை சாக்லேட். எறும்பு ஆரைத் தேடி வரப்போகுது?" என்று சிரித்தார் அந்த அம்மா. வந்ததிலிருந்து அவர் சிரித்து சரசு பார்த்ததில்லையாம்.

அவரும் ஒரு மடக்குக் குடித்தார். "கைக்குது பிள்ளை. ஆனா விடவும் மனம் வருகுதில்லை... இதுக்குச் சீனி சரிவராது. பனங்கட்டி கடிச்சுக்கொண்டு குடிக்கவேணும். எங்கடை அப்பா தேத்தண்ணி அப்பிடித்தான் குடிப்பார். இஞ்சேருங்கோ, அந்தக் குட்டானை எடுங்கோ!"

குட்டான் என்பது பனங்கட்டி, அதாவது பனைவெல்லம், ஊற்றிய சின்ன ஓலைப்பெட்டி. கனடாவுக்குக் கொண்டுபோக வாங்கியதாம். ஹாலில் கட்டி வைத்த பெட்டியின் அடியில் இருந்தது. அடி என்றால் அடியோ அடி. ஸ்வெட்டர் வந்தது. சேலைகள் வந்தன. மிளகாய்த்தூள் பார்சல் வந்தது. ஹாலில் நடக்க இடமில்லாமல் போன பிறகு குட்டான் வந்தது.

அம்மிக் குழவியால் ஒரு தட்டு. நாலு பேரும் ஒரு கடி, ஒரு மடக்கு. ஜன்னலுக்கு வெளியே வெள்ளை... யாரும் பார்க்கவில்லை.

கோப்பையை வழித்து முடித்த ஐயா துணிக் குவியலைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"இனி ஆர் இதையெல்லாம் அடுக்கிறது? நாளைக்குப் போவம்."

சரசுவின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "மத்தியானத்துக்கு என்ன கறி வைக்கட்டுங்க?" என்று மட்டும் கேட்டாள். பிறகு வாசலுக்குப் போய், உள்ளே இருந்த என்னிடம் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். "அண்ணே, தேங்கா வாங்கிட்டு வாங்க! விருந்தாளிங்க இன்னிக்கும் தங்குறாங்க!"

மலையைக் காட்டுவது நம் கையில் இல்லைதான். பெட்டியை அவிழ்க்க வைப்பது... கொஞ்சம் முயன்றால் முடிகிறது.