வெளிப்பக்கம் திறக்கும் கேட்டுகள்

மூலக்குளத்தில் எங்கள் வீடு மெயின் ரோட்டை ஒட்டியது. அந்த ரோட்டைப் பராமரிக்கும் அலுவலகத்தில் நான் இளநிலைப் பொறியாளர். இதைவிடக் கெட்ட ஏற்பாடு ஒருவனுக்கு அமையாது.

போன மார்ச்சில் தார் போட நிதி வந்தது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போட்டால்தான் ரோடு உயராது. ஆனால் சுரண்டினால் வந்த நிதி பாதித் தூரத்துக்குத்தான் காணும். மீதிப் பாதியில்தான் பைக்கில் போகிறவர்கள் விழும் பள்ளங்கள் இருந்தன. மாதம் முடிவதற்குள் செலவழிக்காவிட்டால் நிதி திரும்பிப் போய்விடும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? சுரண்டும் வேலையை மதிப்பீட்டிலிருந்து நானே அடித்தேன்.

தார் போடும் அன்று வீடு வீடாகப் போய், "கேட்ட சாத்தி வச்சிருங்க, ரோலர் ஓரம் வரைக்கும் வரணும்" என்று சொன்னதும் நான்தான். நுணலும் தன் வாயால் கெடும். எங்கள் வரிசையில் மனைகள் சின்னவை. உள்ளே இடமில்லாததால் எல்லாக் கேட்டும் வெளிப்பக்கம்தான் திறக்கும். அது என் மண்டையில் உறைக்கவேயில்லை.

சாயங்காலம் வந்து பார்த்தால், எங்கள் கேட்டின் அடிக்கம்பி தாருக்கு இரண்டு விரல் கீழே இருந்தது. சுவரேறிக் குதித்தேன். மனைவி வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூட்டு ஆபரேஷன் ஆன கால். மறுநாள் காலை பெரிய ஆஸ்பத்திரியில் தையல் பிரிக்க வேண்டும்.

"இப்பவே கொத்திடுங்க, சூடாத்தான இருக்கு" என்றாள்.

கொத்தியிருக்கலாம். ஆனால் ரோட்டை வெட்டுபவர்களுக்கு நோட்டீஸ் கொடுப்பவன் நான். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. வெட்கமாக இருந்தது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

காலையில் தார் இறுகிவிட்டிருந்தது. கேட்டைக் கீலிலிருந்து தூக்கிக் கழற்றலாமென்றால், திருட்டுக்குப் பயந்து வெல்டிங் வைத்திருந்தோம். வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். உள்ளே அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"ரோட்டுல போறவங்களப் பத்தியெல்லாம் யோசிச்சீங்க. என்னப் பத்தி யோசிக்கல."

மறுபடி சுவரேறிக் குதித்துக் கடப்பாரையை ஓங்கிப் போட்டேன். எதிர்வீட்டு அம்மா தன் கேட்டுக் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், தண்ணி பைப்புக்குக் கொஞ்சூண்டு தோண்டினதுக்கு நோட்டீஸ் குடுத்தீங்களே. இப்ப நாங்களும் கொத்தலாமா?"

"கொத்துங்கம்மா" என்றேன்.

கேட் ஓர் ஆள் அளவு திறந்து, மனைவியை ஆட்டோவில் உட்கார வைப்பதற்குள் வரிசை நெடுகக் கடப்பாரைச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. நேற்றுப் போட்ட ரோட்டின் ஓரம் பெயர்ந்துகொண்டிருந்தது. அதைப் பூச இனி நிதி கிடையாது. மழை வந்தால் பள்ளம் நடுரோடுவரை வரும் என்று எனக்குத் தெரியும்.

ஆட்டோ குலுங்காமல் போயிற்று. "ரோடு சூப்பரா போட்டிருக்காங்க சார்" என்றார் ஆட்டோக்காரர்.