மேற்குச் சுவரின் ஓட்டை

எங்கள் வீட்டு மேற்குச் சுற்றுச்சுவரின் அடியில் ஓர் ஓட்டை இருந்தது. ஒரு தேங்காய் தாராளமாக நுழையும். தோட்டத்தில் பெய்கிற மழையெல்லாம் அடுப்படி ஓரமாக ஓடி, அதன் வழியாகத் தெரு வாறுகாலில் விழுந்துவிடும். ராயப்பன்பட்டியில் எங்களுக்குக் கிழக்கே மேகமலை நிற்கிறது. தண்ணீருக்கு மேற்கே இறங்குவதைத் தவிர வேறு போக்கிடம் கிடையாது.

ஆனால் வாஸ்துக்காரருக்கு மலை கணக்கில் வராது. அம்மாவின் வயிறு மேடிடத் தொடங்கியிருந்த சமயம், அப்பா அவரை பைக்கில் உட்காரவைத்துக் கூட்டிவந்தார். நான் அப்போது இரண்டாம் வகுப்பு. காம்பஸை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றிவந்தவர், ஓட்டையைக் கண்டதும் முகம் சுளித்தார்.

"தண்ணி ஈசானிய மூலையிலதான் வெளியேறணும். மேற்க போற தண்ணி வீட்டுப் பிள்ளையக் கையோட கூட்டிட்டுப் போயிரும், பாத்துக்கங்க."

அப்பா உத்தமபாளையம் கோர்ட்டில் குமாஸ்தா. யார் எதைச் சொன்னாலும் ஆதாரம் கேட்பவர், அன்று கேட்கவில்லை. மறுநாளே கொத்தனார் வந்து மேற்கு ஓட்டையைச் செங்கல் வைத்துப் பூசிவிட்டு, வடகிழக்கு மூலையில் புதிதாக ஒன்றைத் திறந்தார். மேட்டில் இருந்த அந்த ஓட்டையில் ஓர் ஓணான் சௌகரியமாகக் குடியேறியது.

வீட்டிலிருந்த ஒரே பிள்ளை நான்தான். அடைத்த பிறகும் அந்தச் சுவர்ப் பக்கம் போக மாட்டேன். இழுத்தால் தலை முதலில் போகுமா, கால் முதலில் போகுமா என்று யோசித்து யோசித்துச் சோறு இறங்காது. யாரிடமும் சொல்லவில்லை. வாய்விட்டுச் சொன்னால் தண்ணீருக்குக் கேட்டுவிடும் என்று ஓர் எண்ணம்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. பெய்த மழை வாழைச் சருகையும் செம்மண்ணையும் அள்ளிவந்து அடுப்படிக்கும் மேற்குச் சுவருக்கும் நடுவில் முட்டி நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே படி மறைந்தது. அடுப்படி பழைய மண்சுவர். பூச்சு பாளம் பாளமாகக் கழன்று தண்ணீரில் விழுந்தது. அப்பா வாஸ்துக்காரருக்குப் போன் போட்டார். அது ஸ்விட்ச் ஆஃப்.

நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு அம்மா அடுப்படி வாசலில் நின்றாள்.

"சுவரு ஊறுதுங்க. இடிஞ்சு விழுந்தா மட்டும் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதா? ஓட்டையத் தொறந்து விடுங்க."

"அவுக சொன்னாகளே..." அப்பா மறுபடியும் போனை அழுத்தினார்.

"நீங்க தொறக்கீகளா, நான் கடப்பாரைய எடுக்கவா?"

அப்பா கடப்பாரையை எடுத்தார். என்னைப் பெற்றவரே என்னைத் தண்ணீருக்குக் கொடுக்கப் போகிறார்! நான் மழைக்குள் ஓடிப்போய்க் கொய்யா மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அப்பா முழங்காலளவு தண்ணீரில் நின்று குத்தினார். பாதிக் குத்து குறி தவறிச் சுவரில் பட்டது. கடைசியில் செங்கல் பெயர்ந்து, தண்ணீர் பெரிய இரைச்சலோடு பாய்ந்தது. என் கால் செருப்பு ஒன்று கழன்று, மிதந்து, சுழன்று ஓட்டைக்குள் போனது. அடுத்தது நான்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு அலறினேன்.

அப்பா கடப்பாரையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். என்னிடம்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் என்னைத் தாண்டி ஓடி, அடுப்படிக்குள் நுழைந்து, சேற்றுக் கையை அப்படியே அம்மாவின் வயிற்றில் வைத்தார். இரண்டு பேரும் மூச்சுவிடாமல் நின்றார்கள்.

"உதைக்குதுங்க" என்றாள் அம்மா.

அப்பா அடுப்படித் தண்ணீரிலேயே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார்.

"அப்பா, நான் இங்கனதான் இருக்கேன்! என்னைய இழுக்கலப்பா!" என்று மரத்தை விடாமல் கத்தினேன். ஒருவரும் திரும்பவில்லை.

எனக்கும் அந்த வயிற்றுப் பிள்ளைக்கும் நடுவில் ஒரு குழந்தை பிறந்து, அன்றே போய்விட்டது என்பதை வெகுகாலம் கழித்துத்தான் சொன்னார்கள். அன்று அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஒற்றைச் செருப்போடு நனைந்துகொண்டு, அப்பா என்னை ஏன் தொட்டுப் பார்க்கவில்லை என்று மட்டும் அழுதுகொண்டிருந்தேன்.