ஐந்து காய்ந்த மாதுளை, மூன்று பூத்த மாதுளை

ஸுல்ஹுமோர் அக்கா எங்கள் கர்ஷி நகர ஆய்வுத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருடமாகத் தண்ணீர் பாய்ச்சுகிறவர். அச்சில் அவர் பெயர் ஒருமுறைகூட வந்ததில்லை. அறிக்கைகளில் 'தொழிலாளி' என்று போடுவோம். தட்டச்சு செய்கிற நானும் அப்படித்தான் போட்டிருக்கிறேன், வெட்கமில்லாமல்.

பூவுக்காக வளர்க்கும் குள்ள மாதுளை எவ்வளவு குறைந்த தண்ணீரில் தாங்கும் என்று இரண்டு கோடைக்குச் சோதனை வைத்தோம். மூன்று வரிசை, வரிசைக்கு எட்டுச் செடி. முதல் வரிசைக்கு முழுத் தண்ணீர், அடுத்ததற்குப் பாதி, கடைசிக்குக் கால்வாசி. அளவு வாளியை ஸுல்ஹுமோர் தவிர யாரும் தொடக்கூடாது. இரண்டாம் கோடையில் கடைசி வரிசையில் ஐந்து செடி காய்ந்துவிட்டன. மூன்று மட்டும் செக்கச்செவேலென்று பூத்துத் தள்ளின.

தலைமை ஆய்வாளர் எர்காஷுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"மூணு பொழச்சதே போதும்கா! இதுலேருந்து குச்சி வெட்டி நட்டா புது ரகமே எடுத்துடலாம். இந்தத் தடவை அறிக்கையில உங்க பேரும் உண்டு, என் பேருக்குக் கீழ."

அதை ஸுல்ஹுமோர் மருமகளிடம் சொல்ல, மருமகள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் பத்து மணிக்குத் தேநீர். எப்போதும்போல் கடைசி வரிசை ஓரத்து மரக்கட்டிலில் உட்கார்ந்தோம். ஸுல்ஹுமோர் கிண்ணத்தில் கொஞ்சம் தேநீர் ஊற்றி, சுழற்றிக் கழுவி, கட்டிலுக்குப் பின்னால் வீசிக் கொட்டினார். அடுத்த கிண்ணமும் அப்படியே. மூன்றாவதைக் கொட்டப் போன கை அந்தரத்தில் நின்றது. அந்த மூன்று செடிகளும் கட்டிலுக்குப் பின்னால் ஈரமாக நின்றன.

கிண்ணத்தைத் தேநீரால் கழுவாமல் எங்கள் ஊரில் யாருக்காவது கொடுப்போமா? ஒரு நாளைக்கு நான்கு தடவை, பத்துப் பேர். ஆறிப்போன மிச்சமும் அங்கேதான். நானே எத்தனை கிண்ணம் கொட்டியிருப்பேன்!

"பேசாம இருங்கக்கா," என்றேன். "யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரிஞ்சுபோச்சேடி."

நேராக எர்காஷிடம் போய்ச் சொல்லிவிட்டார். மனுஷன் குதித்தார்.

"ரெண்டு வருஷம்! டீ குடிச்சே கெடுத்தீங்களா?"

"நீங்க குடிச்ச கிண்ணமும் அதுல உண்டு, தம்பி."

"அப்ப அறிக்கையக் கிழிச்சுப் போடவேண்டியதுதான். செடி செத்த கதைய யாரு படிப்பா?"

"ஏன் கிழிக்கணும்? அந்த அஞ்சுக்கு நான் கொடுத்ததுக்கு மேல ஒரு சொட்டு போகல. மூணை நீக்கிடுங்க. கால் தண்ணியில இந்தச் செடி சாகும்னு போடுங்க. இல்லேன்னா எவனாவது ரோட்டோரம் நட்டுட்டு அழுவான். என் பேரு அதுல அப்படியே இருக்கட்டும்."

"செத்த செடிக்கு என் பேரு வேணாம்!" என்று எர்காஷ் தன் பெயரை அடித்துவிட்டுப் பேனாவை எறிந்தார்.

நேற்று அறிக்கை அச்சாகி வந்தது. எனக்குப் பெருமையாக இருக்கிறது, கொஞ்சம் பொறாமையும்தான். ஆய்வு செய்தவர்: ஸுல்ஹுமோர் எஷ்முரோதொவா. வேறு பெயரே இல்லை.