ஓடுகிற எஞ்சினைக் கழற்றிய கதை

பேசாலையில் படகு எஞ்சின் திருத்தும் கடை போட்ட முதல் நாளே எனக்கு ஒரு சொல் பழகிவிட்டது: அந்தரம். எஞ்சினைத் தோளில் சுமந்து வருகிற எவரும் சுகம் விசாரிப்பதில்லை. “அண்ணை, சரியான அந்தரம். விடியக் கடலுக்குப் போகவேணும்” என்பார்கள். முருங்கனில் வயல் பம்புகளைத் திருத்திப் பழகியவன் நான். இந்த அவசரம் எனக்குப் புதிது.

மீன் படும் காலத்தில் எல்லா எஞ்சினும் ஒன்றாக வந்து குவியும். வாடைக் காற்றில் படகுகள் கரையேறினால் கடையில் வேலையில்லாமல் இலையான் கலைத்துக்கொண்டிருப்பேன். வேலை வந்தால் பதற்றம், வராவிட்டால் பயம். இப்படியே போனால் கடை முதலில் படுக்குமா, நான் முதலில் படுப்பேனா என்பதுதான் கேள்வி.

ஒரு வாடைக்காலத்தில் வாசலில் பலகை வைத்தேன்: ‘எஞ்சின் ஓடும்போதே சேர்விஸ் செய்யுங்கள்.’ காபரேட்டர், இம்பெல்லர், கியர் ஒயில் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விளக்கம் வேறு. கரையில் சிரித்தார்கள். “ஓடுற எஞ்சினை ஏன் கழட்டுவான்? முருங்கன்காரனுக்கு விசர் பிடிச்சிட்டுது” என்று எனக்குக் கேட்கவே சொன்னார்கள். காற்று அடங்கிக்கொண்டிருந்தது, ஒரு எஞ்சின்கூட வரவில்லை. கடையைப் பூட்டிவிட்டு ஊருக்கே திரும்புவோம் என்று மனைவியிடம் சொல்லியும்விட்டேன்.

அந்தக் கிழமை பிலோமினா அக்கா ஒரு போல்ட் வாங்க வந்தார். சொந்தப் படகு வைத்திருப்பவர். தவக்காலம் என்பதால் கத்தோலிக்கக் கோயிலில் பாதிரியாரிடம் தன் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு நேரே வந்திருந்தார். பலகையை வாசித்தார்.

“தம்பி, இது ஆருக்கு விளங்கும்?”

“எஞ்சின் பழுதாக முன்னம் ஒருக்கா உள்ளுக்குத் துப்புரவாக்கிறது அக்கா.”

“அட, இது எஞ்சினுக்குப் பாவசங்கீர்த்தனம் எல்லே! பெரிய பாவம் ஒண்டும் இல்லாட்டியும் பெரிய வெள்ளிக்கு முன்னம் நாங்கள் போறனாங்கள்தானே. அப்பிடிச் சொல்லுமன்.”

நான் சைவ சமயக்காரன். அந்தச் சொல் என் வாயில் எப்படி வரும்? பின்னேரமே அக்காவின் எஞ்சின் வந்தது. அக்கா சொல்லிச் சொல்லியே அந்தப் பகிடி கரை முழுவதும் பரவியது. “அண்ணை, என்ர எஞ்சின்ர பாவத்தையும் கேளுங்கோ” என்று ஒவ்வொருவராகக் கொண்டுவந்தார்கள். தவக்காலம் முழுவதும் அந்தரமில்லாமல் ஆறுதலாக வேலை ஓடியது.

ஆனாலும் ஒரு பயம் போகவில்லை. இனி எஞ்சின் பழுதாகாவிட்டால் என்னை யார் தேடுவார்கள்? மீன் காலம் தொடங்கியதும், வருவது வரட்டும் என்று கடையைப் பூட்டிவிட்டு மச்சாளின் கல்யாணத்துக்கு முருங்கன் போனேன். தாலி கட்டும் நேரம் போன் அடித்தது. பிலோமினா அக்கா. பந்தலுக்கு வெளியே ஓடிவந்து எடுத்தேன்.

“என்ன அக்கா, எஞ்சின் நிண்டிட்டுதோ?”

“அதுக்கென்ன, நல்லா ஓடுது. வலையில அறக்குளா மீன் பட்டிருக்கு. உமக்கு ஒரு துண்டு எடுத்து வைக்கவோ?”

கடை போட நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஆட்களின் அந்தரத்தை நம்பிக் கடை போடாதீர்கள். பழுது இல்லாத நாளிலும் உங்களைத் தேடுகிற ஒருவர் இருந்தால் கடை நிற்கும்.